அட்மிரலின் களமும் பெயரில்லாத வருத்தமும்

எங்களுக்குள் ஒருத்தி பதினாறு வயதில் தொடங்கி நாலு வருசம், சாப்பிட்டதை ஒருத்தருக்கும் தெரியாமல் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அதை விட்டு ஆறு வருசம். இப்பவும் இரவில் நெஞ்செரிவு, எதுக்களிப்பு. கமரா விட்டுப் பார்த்த வைத்தியர் "உறைப்புக் கூடச் சாப்பிடுவீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் இந்த வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

பள்ளிக்கூடத்தில் 'களம்' என்று படித்தோமே, அந்த உணவுக்குழாய் மருத்துவ வரலாற்றுக்குள் பெரிதாக வந்தது ஒரு விருந்துக்காரரால்தான். ஒல்லாந்தின் அட்மிரல் யான் வன் வாசெனார் வயிறு முட்டச் சாப்பிட்டால் சத்தி எடுக்க வைக்கும் கசாயம் குடிப்பார். அது அவருக்குப் பழக்கம். 1723 ஒக்ரோபரில் ஒருநாள் அப்படிக் குடித்து ஓங்காளித்தபோது, உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்று கத்தினார். லெய்டனில் இருந்த பேர்போன வைத்தியர் ஹெர்மன் பூர்ஹாவவைக் கூப்பிட்டார்கள். ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒருநாளுக்குள் ஆள் முடிந்தார். உடலைத் திறந்தபோது நெஞ்சறைக்குள்ளிருந்து வாட்டிய தாராவின் மணம் வந்ததாம். களம் முழுசாக அறுந்து, சாப்பாடும் குடித்ததும் நெஞ்சுக்குள் கொட்டிக்கிடந்தன. 1724இல் பூர்ஹாவ இதை லத்தீனில் ஒரு தனி நூலாகவே எழுதினார். அந்தக் கிழிசலுக்கு இன்றும் அவர் பெயர்தான். (ரோமர்கள் சத்தி எடுக்கத் தனி அறை வைத்திருந்தார்கள் என்று சொல்வார்களே, அது பொய். 'வொமிற்றோரியம்' என்பது அரங்கிலிருந்து சனம் வெளியேறும் வழி.)

1929இல் பொஸ்ரனில் மலறியும் வைசும், குடித்துவிட்டு ஓயாமல் சத்தி எடுத்த பதினைந்து பேரைப் பற்றி எழுதினார்கள். இங்கே களம் அறுவதில்லை; அது இரைப்பையோடு சேரும் இடத்தில் உட்சவ்வு மட்டும் கீறி இரத்தம் வரும். 1947இல் லண்டனில் நோர்மன் பாரெற் என்ற சத்திரசிகிச்சையாளர் பூர்ஹாவவின் கிழிசலைத் தைத்து ஆளைக் காப்பாற்றினார். அதே பாரெற் 1950இல், களத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கக்கூடாத வேறுவகை உட்சவ்வு பற்றி எழுதினார். அது பிறவிக் கோளாறு என்று அவர் முதலில் நினைத்தது பிழை. வருசக்கணக்காக அமிலம் மேலே ஏறிச் சுட, களம் தன் தோலையே மாற்றிக்கொள்கிறது. சிலரில், சிலரில் மட்டும், அது புற்றுநோய் வரை போகும்.

இவ்வளவும் எழுதப்பட்டபோது எங்கள் சிநேகிதியின் வருத்தத்துக்குப் பெயரே இல்லை. 1979இல்தான் லண்டன் றோயல் ப்றீ மருத்துவமனையின் ஜெரால்ட் றசல் முப்பது பேரை வைத்து 'புலிமியா நெர்வோசா' என்று பெயரிட்டார். இருபத்தெட்டுப் பேர் பெண்கள். விரல் மொளியில் பல்லுப்பட்டு வந்த காய்ப்பைக் கண்டு குறித்துவைத்தவரும் அவர்தான். ஒரு பிரபுவின் களத்துக்கு 1724இலேயே ஒரு நூல். ஒளித்து ஒளித்துச் சத்தி எடுத்த பெண்பிள்ளைகளுக்கு இன்னும் 255 வருசம். எங்களுக்கு இதில் கோபம்தான் வருகிறது.

சத்தியை நிறுத்தியபின் களத்தின் புண் பெரும்பாலும் ஆறிவிடும். பல்லின் மிளிரி கரைந்தால் திரும்ப வராது. சிலருக்கு எதுக்களிப்பு நின்றுவிடாமல் தொடரும். புலிமியா இருந்தவர்களுக்குப் பாரெற்றின் மாற்றம் கட்டாயம் வரும் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் விழுங்கும்போது சாப்பாடு சிக்கினாலோ, சத்தியில் இரத்தம் வந்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ பொறுத்துப் பார்க்கக்கூடாது. எத்தனை வருசம் அமிலம் பட்டது என்பது பரிசோதிப்பவருக்குத் தெரியவேண்டிய விசயம். கமராவுக்கு இன்றைய புண் தெரியும், பழைய நாலு வருசம் தெரியாது.

அடுத்த கிளினிக் வெள்ளிக்கிழமை. வாயால் சொல்ல ஏலாது என்று ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறாள். எங்களில் இரண்டு பேர் கூடப் போகிறோம்.