குளிகையும் கடல்மீனும்

மனச்சோர்வுக்கு மருந்து கண்ட வரலாற்றிலே, திருகோணமலை மீன்சந்தையில் நாம் காணும் சூரை மீனுக்கும் ஒரு தொடர்புண்டு என்றால் நீங்கள் வியப்படைவீர்கள். அவ்வரலாற்றை அறிந்தோர், வைத்தியர் எழுதிக் கொடுக்கும் குளிகையை எவ்வாறு உட்கொள்ள வேண்டும் என்பதையும் எளிதில் உணர்வர்.

1952ஆம் ஆண்டு, நியூயோர்க் நகரின் சீ வியூ என்னும் காசநோய் வைத்தியசாலையில் ஐசோனியசிட், இப்ரோனியசிட் என்னும் இரு புதிய மருந்துகளைப் பரீட்சித்தனர். நோயாளரின் காய்ச்சல் தணிந்தது, பசி பிறந்தது. அதனோடு, வாடிக் கிடந்தவர்கள் எழுந்து சிரித்தனர், ஆடவும் செய்தனர். மூளையில் சில இரசாயனப் பொருள்களைச் சிதைக்கும் நொதியொன்றை இப்ரோனியசிட் தடுக்கிறது என்பதும் அக்காலத்திலேயே தெரியவந்தது. 1957இல் நேதன் கிளைன் முதலிய அமெரிக்க வைத்தியர்கள் அம்மருந்தை மனச்சோர்வுக்கே வழங்கிப் பயன் கண்டனர். அதே ஆண்டில் சுவிற்சர்லாந்தின் ரோலன்ட் கூன், இமிப்பிரமின் என்ற வேறொரு மருந்தின் பயனை உலகுக்கு அறிவித்தார். அதுவரை மருந்தில்லை என்று கருதப்பட்ட துயருக்கு, ஒரே ஆண்டில் இரு வழிகள் திறந்தன.

ஆயினும், நோய் தீர்க்கும் பொருளே இடர் தருவதும் உண்டு. இப்ரோனியசிட் சிலரது ஈரலைக் கெடுத்தமையால் அமெரிக்காவில் கைவிடப்பட்டது. அவ்வினத்து மருந்துகளை உட்கொண்ட வேறு சிலருக்குக் கொடிய தலைவலி கண்டது, இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்தது, உயிரிழந்தோரும் உளர். இங்கிலாந்தின் நொற்றிங்ஹாம் நகர மருந்தாளர் ஒருவர், தம் மனைவிக்கு அத்தலைவலி பாற்கட்டி உண்டபின் வருவதைக் கவனித்துக் கடிதம் எழுதினார். பரி பிளாக்வெல் என்னும் இளம் வைத்தியர் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, பாற்கட்டியே காரணம் என்று 1963இல் எடுத்துக் காட்டினார். முற்றிய பாற்கட்டியிலுள்ள தைரமின் என்னும் பொருளை உடல் சிதைக்கவொட்டாமல் அம்மருந்து தடுத்திருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஐசோனியசிட் உட்கொண்ட காசநோயாளர் சிலர், சூரை மீன் உண்டபின் முகம் சிவந்து, தலைவலியும் நெஞ்சுப் படபடப்பும் கண்டு துன்புற்றனர். வைத்தியர் ஊரகொடவும் பேராசிரியர் கொத்தேகொடவும் இதனை ஆராய்ந்து 1977இல் வெளியிட்டனர். பனிக்கட்டியிடாது வைத்த மீனில் இஸ்தமின் பெருகுகிறது. சமைத்தாலும் அது அழிவதில்லை. அதனைச் சிதைக்கும் உடலின் ஆற்றலை ஐசோனியசிட் குறைத்துவிடுகிறது. பாற்கட்டியின் கதையே மீனின் வடிவில் நம் கரைக்கும் வந்தது எனலாம்.

இக்காலத்தில் மனச்சோர்வுக்குப் பெரிதும் வழங்கப்படும் புளுஒக்செற்றின், சேர்ற்றலின் போன்ற குளிகைகளுக்கு இத்தகைய மீன் தடை இல்லை, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வரலாறு கற்பித்த ஒழுங்கு மாறவில்லை. உட்கொள்ளும் பிற மருந்துகள், நாட்டு மருந்து, மதுப்பழக்கம் யாவற்றையும் வைத்தியரிடம் ஒளிக்காமல் கூறவேண்டும். குணம் தெரியச் சில வாரங்கள் செல்லும். ஆகையால் பத்து நாளில் சலித்து விட்டுவிடலாகாது. தேறியபின்னும் தாமாகத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கமின்மையும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பக்கூடும். வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். தொடக்க வாரங்களில், சிறப்பாக இளைஞரிடத்தில், உயிரை மாய்க்கும் எண்ணம் மிகுகிறதா என்று வீட்டார் கவனித்தல் கடன். ஐயம் தோன்றின் உடனே வைத்தியரை நாட வேண்டும். அமிற்றிப்ரிலின் போன்ற பழைய இனத்துக் குளிகைகள் அளவு மீறினால் இதயத்தையே தாக்கும். அவற்றைப் பூட்டி வைப்பதே முறை. ஒருவருக்கு எழுதிய குளிகையை அயலாருக்குக் கொடுப்பது உதவியாகாது.

போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கண்ட மாவட்டம் நம்முடையது. உள்ளம் சோர்ந்தவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கக்கூடும். காசநோய்க்கு மருந்துண்பதை வெட்கமென்று கருதாத நாம், அதே மருந்தின் உடன்பிறப்பாய்த் தோன்றிய குளிகையை மட்டும் ஏன் அலுமாரியின் மூலையில் மறைக்க வேண்டும்? தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும், அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையிலும் ஆலோசனை பெறலாம். அங்கே சென்று, சந்தையில் வாங்கியுண்ட மீன் உட்பட, உள்ளதை உள்ளவாறு கூறுங்கள். ஒரு மருந்தாளர் தம் வீட்டு உணவைக் கூர்ந்து கவனித்தமையே பலர் உயிரைக் காத்தது அல்லவா?