ஒரே சட்டியில் கற்றாழைச் சுற்றம்

திருகோணமலையின் உட்துறைமுகத்தை அண்டிய ஓர்ஸ் ஹில் போன்ற உலர்வலயக் குடியிருப்புகளில், தடித்த இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்து வாழும் சதைப்பற்றுத் தாவரங்களை ஓர் அகன்ற சட்டியில் ஒன்றாக நட விரும்புவோர், எது எதற்கு உறவு என்பதை முதலில் அறிய வேண்டும். அந்த அறிவு உருவான வரலாற்றில் இலங்கையின் வறண்ட காடுகளில் வளரும் மருள் என்னும் செடிக்குத் தனியிடம் உண்டு.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1672 இல் இலங்கைக்கு வந்த பவுல் ஹெர்மன், வரும் வழியில் நன்னம்பிக்கை முனையிலும் பின்னர் இத்தீவிலும் செடிகளைத் திரட்டினார். அவருடைய இலங்கைத் தொகுப்பை ஆராய்ந்து 1747 இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனி நூல் எழுதிய தாவரவியலாளர் லின்னேயஸ், 1753 இல் மருளைக் கற்றாழைப் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களை அடக்கும் தொகுதியில், ஒரு வகையாகச் சேர்த்தார். தாவரவியலாளர் வில்டெனோவ் 1799 இல் அதனைச் சான்செவியேரியா என்னும் வேறு பேரினத்திற்கு மாற்ற, 1809 இல் டுவால் என்பவர் தென்னாபிரிக்கச் சிறுசெடிகளான ஹாவோர்தியாவையும் காஸ்டேரியாவையும் கற்றாழையிலிருந்து பிரித்தார். மரபணு ஆய்வுகள் மருள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை உறுதிப்படுத்திய அதேவேளை, பெயரால் பிரிந்த மற்ற மூன்றும் நெருங்கிய உறவே என்பதையும் காட்டின. காஸ்டேரியாவும் கற்றாழையும் தமக்குள் கலந்து கலப்பினங்களைத் தருவதும் அவ்வுறவுக்குச் சான்றாகும்.

இந்த வேறுபாடு சட்டியிலும் வெளிப்படுகிறது. மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டால் பரவும் மருள், சிறிய சட்டியில் அயற்செடிகளை நெருக்கித் தள்ளிவிடும். ஹாவோர்தியாவும் காஸ்டேரியாவும் தாயகத்தில் புதர்களின் நிழலில் வளர்பவை என்பதால், சிற்றினக் கற்றாழைகளுடன் அவற்றைச் சேர்த்து, கச்சான் காற்று வீசும் கோடையின் நேர்வெயிலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவமழையும் படாத வெளிச்சமான விறாந்தையில் வைப்பதே பொருத்தமானது. சட்டியின் அடியில் துளையும், நீர் விரைந்து வடியும்படி பருமணல் கலந்த மண்ணும் இருந்தால், மண் முற்றாகக் காய்ந்த பின்னர் ஊற்றும் நீர் அனைத்துக்கும் ஒரே முறையில் போதும்.

ஆகவே இலையின் தோற்றத்தை மட்டும் நம்பாமல், குலத்தையும் அக்குலம் வாழ்ந்த நிலத்தின் வெயிலையும் மழையையும் அறிந்து நடுவோரின் சட்டியே நெடுங்காலம் செழிக்கும்.