கல்லுக்கு முன்னே வந்த எழுத்து

1911-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், அரோரா என்ற சிற்றூரிலிருந்து ‘தி மெனஸ்’ என்றொரு வார இதழ் வெளிவந்தது. கத்தோலிக்கர்களைத் தூற்றுவதுதான் அதன் வேலை. நான்கே ஆண்டுகளில் 15 லட்சம் பிரதிகளைத் தொட்டது. ‘இவர்கள் போப்பின் ஆட்கள், நாட்டுக்கு விசுவாசமாக இருக்கமாட்டார்கள்’ என்பதே அது ஓயாமல் சொன்ன குற்றச்சாட்டு. 1920-களில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் ‘ஃபயரி கிராஸ்’ ஏடும் அதையே எழுதியது.

இதே குரல் இந்தியாவிலும் கேட்டது. ஆர்.எஸ்.எஸ். தலைவர் கோல்வால்கரின் ‘பஞ்ச் ஆஃப் தாட்ஸ்’ நூல் 1966-இல் வெளியானது பெங்களூரில்தான். நாட்டுக்குள் இருக்கும் மூன்று ஆபத்துகளில் ஒன்றாக அது கிறிஸ்தவர்களைச் சொல்கிறது. அதே பெங்களூரின் சிவாஜிநகர் மேரி பசிலிக்கா, செஞ்சிப் பக்கமிருந்து வந்த தமிழர்களின் சிறு கோயிலாகத் தொடங்கியது என்பார்கள். தலைமுறைகளாக இங்கே உழைத்து வாழ்கிற மக்களை அந்நியரின் கையாள் என்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

2008-இல் அந்த அநியாயம் கர்நாடகத்தின் வீதிக்கு வந்தது. ‘சத்ய தர்ஷினி’ என்ற நூல் இந்துக் கடவுள்களை இழிவுபடுத்துகிறது என்று இந்துத்துவ இயக்கத்தினர் கொதிப்பைக் கிளப்பினார்கள். அந்த நூலைப் பரப்பியதாகச் சொல்லப்பட்டது ‘நியூ லைஃப்’ என்ற பெந்தகோஸ்தே சபை. ஆனால் செப்டம்பர் 14 அன்று மங்களூரில் அடி விழுந்த இடங்களில் ஒன்று, கத்தோலிக்கக் கன்னியர் ஜெபத்தில் வாழும் மடம். வெறுப்புக்குச் சபை வேறுபாடு தெரிவதில்லை. இந்துத்துவ அமைப்பான பஜ்ரங் தளத்தின் மாநில அமைப்பாளர் மகேந்திர குமார் தாக்குதலை வெளிப்படையாகவே நியாயப்படுத்தினார். (பின்னாளில் அவர் அந்த இயக்கத்தை விட்டு விலகி அதை எதிர்த்துப் பேசினார், 2020-இல் இறந்தார்.) செப்டம்பர் 21 அன்று பெங்களூரின் மரியண்ணபாளையாவிலும் ராஜராஜேஸ்வரி நகரிலும் கத்தோலிக்கக் கோயில்கள் சூறையாடப்பட்டன.

அடுத்த மாதமே பத்திரிகைப் பேச்சு திசை மாறியது. இந்துத்துவ இயக்கத்தின் ஏடல்லாத, பெருவாரியாக விற்ற ‘விஜய கர்நாடகா’வில் நாவலாசிரியர் எஸ்.எல். பைரப்பா மதமாற்றத்தைக் கண்டித்து நீண்ட கட்டுரை எழுதினார். மறுப்புகளும் ஆதரவுகளும் வாரக்கணக்கில் வந்தன. கருத்துச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் உடைத்தவர்கள் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய், உடைபட்டவர்கள் பதில் சொல்லும் நிலை வந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 2011 ஜனவரியில், தாக்குதல்களை விசாரித்த நீதிபதி சோமசேகரா ஆணையத்தின் இறுதி அறிக்கை, அரசுக்கும் ஆர்.எஸ்.எஸ். சார்ந்த சங்க அமைப்புகளுக்கும் அவற்றில் தொடர்பில்லை என்றது.

மதமாற்றம் பெருகுகிறது என்ற கூச்சலுக்கு மக்கள்தொகைக் கணக்கு வேறு பதில் வைத்திருக்கிறது. கர்நாடகத்தில் கிறிஸ்தவர்கள் 2001-இல் 1.91 சதவீதம், 2011-இல் 1.87 சதவீதம். இந்தக் கணக்கு கையில் இருந்தும், 2021 டிசம்பரில் பெலகாவியில் கூடிய சட்டமன்றம் மதமாற்றத் தடை மசோதாவை நிறைவேற்றியது.

(தொடரும்)