குழு இல்லை, டிரம்ஸ் இல்லை... தனியாளாக சன் ரா! - டேப்பிலிருந்து மீண்டு வந்த ஒரு ஜாஸ் கச்சேரி

படிக்கும்போது பின்னணியில் லோ-ஃபை ஓடவிடுற ஆளா நீங்க? அதில் மணி அடிச்ச மாதிரி மெத்துனு ஒரு கீபோர்டு சத்தம் கேட்குமே, அது பெரும்பாலும் 'ரோட்ஸ்' எலெக்ட்ரிக் பியானோவின் ஒலிதான். அந்த ஒரே கருவியை வெச்சு, 1980 ஜனவரியில் அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் ஒரு கச்சேரி நடந்தது. வாசித்தவர், ஜாஸ் உலகின் விநோத மேதை சன் ரா. அந்தப் பதிவு ஆல்பமாக வந்ததோ 2019-ல்!

யார் இந்த சன் ரா?

1914-ல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இயற்பெயர் ஹெர்மன் பூல் பிளவுன்ட். 'நான் பூமிக்காரனே இல்லை, சனிக் கிரகத்துல இருந்து வந்தவன்' என்று சொன்னவர், கடைசிவரை அதிலிருந்து இறங்கவே இல்லை. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால், கறுப்பினத்தவருக்குப் பள்ளி, பேருந்து இருக்கை என எல்லாமே தனி என்று சட்டம் போட்டிருந்த ஊரில் வளர்ந்தவர் அவர். இந்தப் பூமி இடம் தராதபோது, விண்வெளியில் தனக்கென ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டார்.

தனிக் கச்சேரி ஏன் ஸ்பெஷல்?

சன் ரா மேடை என்றாலே திருவிழாதான். சாக்ஸபோன்கள், டிரம்ஸ், நடனம், பளபள உடைகள்... இந்தக் கூட்டத்தில் அவர் விரல்கள் என்ன செய்கின்றன என்பதைக் கவனிப்பதே கஷ்டம். ஹேவர்ஃபோர்டில் அந்தத் திரை எதுவும் இல்லை. பேஸ், தாளம், மெட்டு எல்லாவற்றையும் இரண்டே கைகள் சுமக்கின்றன.

ரோட்ஸ் எப்படி ஒலிக்கிறது?

கட்டையை அழுத்தினால், உள்ளே ஒரு சின்ன சுத்தியல் மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டும். அந்த அதிர்வை, எலெக்ட்ரிக் கிடாரில் இருப்பது போன்ற பிக்கப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும். மெதுவாகத் தட்டினால் மணியோசை. ஓங்கித் தட்டினால் கரகரப்பு. விரலின் அழுத்தம் அப்படியே காதுக்கு வந்துவிடும்.

எலெக்ட்ரிக் பியானோ சன் ராவுக்குப் புதுசும் இல்லை. 1956-லேயே 'சூப்பர்-சோனிக் ஜாஸ்' ஆல்பத்துக்காக அதை வாசித்துவிட்டார். ரே சார்ல்ஸின் 'வாட்'ட் ஐ சே' பாட்டால் அந்த ஒலி ஊரெல்லாம் பிரபலமானது 1959-ல்தான்.

டேப் எப்படித் தப்பியது?

கச்சேரியோ, ஒத்திகையோ, டேப்பில் பதிவுசெய்வது சன் ராவின் பழக்கம். பெரிய கம்பெனிகளை நம்பி இருக்காமல், 1950-களிலேயே நண்பரோடு சேர்ந்து 'சாட்டர்ன்' என்ற சொந்த லேபிளும் தொடங்கினார். கொஞ்சமே கொஞ்சம் பிரதிகள். சிலவற்றின் அட்டையில் கையாலேயே படம் வரைந்து, கச்சேரி நடக்கும் இடத்திலேயே விற்றார்கள். 1993-ல் அவர் இறந்த பிறகும் புதுப்புது ஆல்பங்கள் வந்துகொண்டே இருப்பது இப்படிச் சேர்ந்த டேப் குவியலால்தான்.

எப்படிக் கேட்கலாம்?

முதலில் 'சூப்பர்-சோனிக் ஜாஸ்' ஆல்பத்தில் உள்ள 'இந்தியா'வைக் கேளுங்க. ஆமாம், நம்ம நாட்டுப் பெயர்தான்! அப்புறம் ஹெட்போன் மாட்டி ஹேவர்ஃபோர்டு பதிவு. 24 வருஷ இடைவெளியில் அதே மனிதர், அதே ஆசை. இந்த முறை மட்டும் ரோட்ஸைப் பின்னணியில் ஓடவிடாதீங்க பாஸ்!