எதைப்போலவும் இல்லாத சுரங்கம்

சீனாவின் இணையச் சுவரைத் தாண்டுவதற்காக 2012இல் எழுதப்பட்ட ஒரு சின்னப் பைத்தான் நிரலின் பெயர் ஷேடோசாக்ஸ். எழுதியவரை க்ளோவிண்டி என்ற புனைபெயரில்தான் ஊர் அறியும். அப்போது அங்கே வி.பி.என். இல்லாமல் இல்லை. எஸ்.எஸ்.எச். வழியாக வெளிநாட்டுக் கணினிக்குச் சுரங்கம் போடத் தெரிந்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். இரண்டிலும் ஒரே கோளாறு. போகும் செய்தி பூட்டியிருக்கும். பூட்டுவதற்கு முன் இரு முனைகளும் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்ளும் பேச்சு மட்டும் எல்லோர் காதிலும் விழும். எஸ்.எஸ்.எச். தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் முதல் வரியிலேயே பச்சையாகச் சொல்லிவிடும். சுவரைக் காப்பவர் செய்தியைப் படிக்க வேண்டியதே இல்லை, போவது யார் என்று தெரிந்தால் போதும்.

க்ளோவிண்டி அந்த அறிமுகத்தையே எடுத்துவிட்டார். பாஸ்வேர்டு இரு முனையிலும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். பிரவுசர் தன் கோரிக்கையை அதே கணினியில், வழக்கமாக 1080ஆம் போர்ட்டில் காத்திருக்கும் ஒரு குட்டி நிரலிடம் கொடுக்கும். அதுவரைக்கும் 1996இல் வகுத்த சாக்ஸ்5 என்ற பழைய நெறிமுறையே போதும். குட்டி நிரல், போக வேண்டிய முகவரியையும் செய்தியையும் சேர்த்துக் குறியாக்கி, டோக்கியோவிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ வாடகைக்கு எடுத்த சர்வருக்கு அனுப்பும். அங்குள்ள மறுபாதி அதைப் பிரித்து, உரிய தளத்திடம் கேட்டு, பதிலை வந்த வழியே திருப்பும். நடுவில் நின்று பார்ப்பவருக்கு முதல் பைட்டிலிருந்தே வெறும் இரைச்சல்.

தொடக்கத்தில் இருந்த குறியாக்கம், பைட்டுக்குப் பைட் மாற்றிப் போடும் ஓர் அட்டவணை மட்டுமே. குறியாக்க வல்லுநர்கள் முகம் சுளிக்கக்கூடிய வேலைதான். ரகசியம் காப்பதைவிடக் கண்ணில் படாமல் போவதே இதற்கு முக்கியம் என்று வைத்துக்கொண்டால் மன்னித்துவிடலாம். வலுவான முறைகள் பின்னால் வந்து சேர்ந்தன.

சர்வர் முகவரி, போர்ட், பாஸ்வேர்டு, குறியாக்க முறை ஆகியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதினால் சுரங்கம் தயார். அந்த எளிமைதான் அதைப் பரப்பியது. பைத்தானிலிருந்து சி, கோ, ரஸ்ட் என்று மொழி மாறியது. ரவுட்டருக்குள்ளும் ஆண்ட்ராய்டுக்குள்ளும் புகுந்தது. சொந்தமாக சர்வர் எடுக்கத் தெரியாதவர்களுக்கு மாதச் சந்தாவுக்கு விற்கும் கடைகள் முளைத்தன. செயலியின் சின்னம் காகித விமானம் என்பதால் அந்தக் கடைகளுக்கு ‘விமான நிலையம்’ என்று பெயர்.

2015 ஆகஸ்டில் போலீஸ் வந்து, வேலையை நிறுத்தி நிரலையும் நீக்கச் சொன்னதாக எழுதிவிட்டு க்ளோவிண்டி விலகிக்கொண்டார். அவர் நிரலை வைத்திருந்த கிட்ஹப் பக்கத்தில், விதிமுறைகளின்படி நீக்கப்பட்டது என்ற ஒற்றை வரி மிஞ்சியது. ஆனால் கிட் முறையில் பிரதி எடுத்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். ஆசிரியர் போனார், நிரல் போகவில்லை.

மறு ஆண்டு ஹார்பினில் ஒரு வேடிக்கை. சுவரின் தந்தை என்று அழைக்கப்படும் ஃபாங் பின்சிங், உரையின் நடுவே ஒரு தென்கொரியத் தளத்தைத் திறக்கப் பார்த்து, அது தடைபட்டிருக்கவே, கூட்டத்தின் கண் முன்னாலேயே வி.பி.என். போட வேண்டியதாயிற்று. சட்டத்துக்கு இந்த நகைச்சுவை எட்டவில்லை. 2017 இறுதியில், வி.பி.என். விற்ற குவாங்சிக்காரர் ஒருவருக்கு ஐந்தரை ஆண்டுச் சிறை கிடைத்தது.

சுவரும் கற்றுக்கொண்டது. பத்திரிகையாளர்களை மனத்தில் வைத்து, கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் ஜிக்சா பிரிவு 2018இல் வெளியிட்ட அவுட்லைன், ஷேடோசாக்ஸையே உள்ளே வைத்திருந்தது. சுவரோ வேவு பார்ப்பதோடு நிற்காமல் நேரே கதவைத் தட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. ஒரு தொடர்பின் முதல் பாக்கெட்டின் நீளமும் ஒழுங்கின்மையும் சந்தேகத்தைக் கிளப்பினால், அந்த பாக்கெட்டின் நகலை சுவரே பின்னர் அதே சர்வருக்கு அனுப்பும். ஏமாந்த சர்வர் வழக்கமான வாடிக்கையாளர் என்று நினைத்துப் பதில் சொன்னால் அகப்பட்டது. சில நகல்கள் கால் நொடி கழிந்ததும் வந்தன. சில ஏறத்தாழ 570 மணி நேரம், அதாவது 24 நாள் போல ஆறப்போட்டு வந்தன. ஒரு முறை பார்த்த பாக்கெட்டை நினைவில் வைத்து மறுக்கும் வடிகட்டி சில பதிப்புகளில் இருந்தது. சர்வரை ஒரு தடவை அணைத்துப் போட்டால் அந்த நினைவு அழிந்துவிடும். இத்தனை நாள் காத்திருப்பது எதற்கு என்று புரிகிறதல்லவா? தட்டிய கைகளும் ஒன்றிரண்டல்ல; ஆய்வாளர்கள் நான்கு மாதத்தில் 12,000க்கும் மேற்பட்ட முகவரிகளை எண்ணினார்கள்.

2021 நவம்பரில் வந்த அடி வேறு வகை. இம்முறை கதவைத் தட்டவில்லை, முதல் பாக்கெட்டைப் பார்த்ததோடு சரி. ஒரு பைட்டில் எட்டு பிட். நல்ல குறியாக்கத்தில் ஒன்றும் சுழியமும் சரிபாதியாகக் கலந்திருக்கும், சராசரியாக பைட்டுக்கு நான்கு ஒன்றுகள். சுவர் அதை எண்ணியது. சராசரி 3.4க்குக் கீழோ 4.6க்கு மேலோ இருந்தால் போகலாம். படிக்கக்கூடிய எழுத்துகள் போதுமான அளவு இருந்தால் போகலாம். பிரவுசர்கள் பேசும் டி.எல்.எஸ்., எச்.டி.டி.பி. போலத் தொடங்கினாலும் போகலாம். இவற்றில் எதிலும் சேராதது நிற்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டையும் சேராமல் பெண் வீட்டையும் சேராமல் தனியாக உட்கார்ந்திருப்பவரைத்தான் சமையல்காரர்கூட யாரென்று கேட்பார். எதைப்போலவும் இருக்கக் கூடாது என்று செய்யப்பட்ட சுரங்கத்தை, எதைப்போலவும் இல்லை என்பதற்காகவே பிடித்தார்கள்.

இந்த விதியில் நிரபராதிகளும் மாட்டுவார்கள். இதை எல்லாப் போக்குவரத்துக்கும் பொருத்தினால் சாதாரணத் தொடர்புகளில் சுமார் 0.6 சதவீதம் அடிபடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே சுவர், வெளிநாட்டு சர்வர் வாடகை நிறுவனங்களின் முகவரிகளை மட்டும் குறிவைத்தது. அங்கும் ஏறக்குறைய நான்கில் ஒரு தொடர்பைத்தான் சோதித்தது. மாட்டியவருக்கு அந்த சர்வரின் அந்த போர்ட் மூன்று நிமிடம் எட்டாமல் போனது.

சுவரை ஆராயும் ஜி.எஃப்.டபிள்யூ. ரிப்போர்ட் குழுவும் சில அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து விதியைப் பிரித்து மேய்ந்தபோது ஓர் ஓட்டை கிடைத்தது. முதல் ஆறு பைட் படிக்கத்தக்க எழுத்துகளாக இருந்தால் சுவர் மேற்கொண்டு பார்க்கவில்லை. உடனே கட்டுரை எழுதாமல், சுரங்கம் செய்பவர்களிடம் முதலில் சொன்னார்கள். அவுட்லைனும் ஷேடோசாக்ஸின் வேறு சில பதிப்புகளும், முதல் பாக்கெட்டின் தொடக்கத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் வசதியைச் சேர்த்தன. ஆய்வறிக்கை 2023இல் வெளியானபோது அந்த ஆறு பைட் ஓராண்டுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது.