வாத்தியார் கொடுத்த பாடம்

தமிழகத்தில் நடிப்புக் கல்வியின் வரலாற்றை சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை, நாடகத்துக்குச் சமூக மதிப்பைத் தேடித் தந்தது உண்மை. ஆனால் அதில் நடித்தவர்கள் வக்கீல்களும் அதிகாரிகளுமாக ஏற்கெனவே படித்திருந்தவர்கள். எழுத்தறியாத வீட்டுப் பிள்ளையை மேடையேற்றும் வேலை கம்பெனி வாத்தியார் தலையில்தான் விழுந்தது. அவர்களில் முதல்வர் சங்கரதாஸ் சுவாமிகள். பெரிய நடிகர்கள் பாடத்தை மீறி மனம்போனபடி பேசிப் பாடியதைக் கண்டு சலித்துத்தான் அவர் சிறுவர்களிடம் திரும்பினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். அந்த ஆண்டே அதில் சேர்ந்த டி.கே.சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. பின்னாளில் அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதினார்.

இத்தகைய கம்பெனிகளில் பாடம் வாய்வழியாகவே நடந்தது. வாத்தியார் ஒரு வரியைச் சொல்வார், பையன் திருப்பிச் சொல்வான். உச்சரிப்பு சரியாகும்வரை அந்த வரி நகராது. லகர ளகரம், மூச்சை நிறுத்தும் இடம், ராகத்தோடு சொல் பிசகாமல் நிற்பது எல்லாம் காதாலேயே பழகும். எழுத்தை நம்பாத இந்த முறையே பலதரப்பட்ட பிள்ளைகளையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது. தந்தையை இழந்து வறுமையால் வந்த எம்.ஜி.ஆருக்கும், நாடக மோகத்தால் வந்த சிவாஜிக்கும் கிடைத்தது இவ்வகைப் பாடம்தான். பாத்திரமும் ஒரே இடத்தில் நிற்காது. சிவாஜி ராமாயணத்தில் சீதையாக நடித்தார், பிறகு அதே நாடகத்தில் பரதனாகவும் இந்திரஜித்தாகவும் மாறினார்.

இப்படிக் கற்றவர்கள் வாத்தியாரின் நகல்களாகத்தானே ஆவார்கள் என்று கேட்கலாம். அப்படியானால் கம்பெனிகளில் பயின்ற எம்.ஆர்.ராதாவும் என்.எஸ்.கிருஷ்ணனும் ஒரே சாயலில் அல்லவா வந்திருக்க வேண்டும்? ஒருவர் குரலை உடைத்தும் வளைத்தும் பேசினார், மற்றவர் சிரிப்புக்குள் சீர்திருத்தத்தை வைத்தார். மனப்பாடம் அவர்களைக் கட்டிப்போடவில்லை. குரலும் மூச்சும் சொற்படி கேட்கும் நிலைக்கு வந்த பிறகே ஒருவனால் தன் வழியில் போக முடியும் என்பது என் துணிபு. அடி, ஒப்பந்தம், வீட்டுப் பிரிவு பற்றிய குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. அதை மறுக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகள் குழந்தைத் தொழிலாளர்களே. பருவ வயதில் குரல் மாறி மகரக்கட்டு உடைந்ததும் பாட்டு போய், அதோடு பார்ட்டும் போனவர்கள் பலர். நாம் பெயர் சொல்லி நினைப்பது தப்பிப் பிழைத்தவர்களை மட்டுமே. பெண்களுக்கு அங்கே இடமே இல்லை, பெண் வேடமான ஸ்திரீபார்ட்டும் பையன்களுக்கே. ஆனாலும் இந்தக் கொடுமைகள் பிள்ளைகளின் உழைப்பில் வசூல் பார்த்த முதலாளி ஏற்பாட்டிலிருந்து வந்தவை. வாய்வழிப் பாடத்துக்குப் பிரம்பு எந்த வகையிலும் தேவைப்படவில்லை. ஆகவே கம்பெனி முறையைக் கண்டிக்கும் அதே கையால் அந்தப் பாடமுறையையும் தள்ளிவிடுவது தவறு. எழுதிய வசனத்தைத் தடுமாறி வாசிக்கும் மாணவருக்கு இன்றைய நாடகப் பள்ளி முதலில் கற்றுத்தர வேண்டியதும் சுவாமிகள் முதலில் கேட்ட அந்தத் தெளிவான உச்சரிப்பைத்தான்.