கீழிருந்து விளைந்த மண், மேலிருந்து விழும் தூசி

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியைப் பக்தர்கள் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் அறிவர். நிலவியலாரோ, சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரந்திருந்த ஆழமற்ற கடலில் சிப்பி ஓடுகள் குவிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அடுக்கால் அறிவர். 1860களில் நிலவியலாளர் எச். எஃப். பிளான்போர்டு இவ்வட்டாரப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் தொகுதிகளாக வகுத்தார். அரியலூர்த் தொகுதியின் ஓர் அடுக்குக்குப் பின்னாளில் இவ்வூரின் பெயரே சூட்டப்பட்டது.

இத்தகைய பாறைமீது மண் உருவாவது மிக மெதுவான வேலை. கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென் அமிலமாகிய மழைநீர், சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துச் செல்ல, கரையாத களிமண் மட்டுமே மிஞ்சுகிறது. கரைந்த சுண்ணாம்பின் ஒரு பகுதி கீழே சுக்கான் கற்களாக மீண்டும் படிகிறது. தூய சுண்ணாம்புக்கல்லில் களிமண் மிகக் குறைவு என்பதால், பவளச் சுண்ணாம்புத் தீவாகிய பார்படாசின் மண்ணில் குறிப்பிடத்தக்க பங்கு அட்லாண்டிக்கைக் கடந்துவந்த சகாராத் தூசியால் ஆனது என்று ஆய்வாளர் கண்டனர்.

தூசி தொடர்ந்து விழும் நிலத்தில் மண் கீழ்நோக்கி மட்டுமன்றி மேல்நோக்கியும் வளர்கிறது. வரத்து மெதுவாக இருந்தால் வேரும் மண்புழுவும் புதுத் தூசியைப் பழைய மண்ணோடு கலந்துவிடும்; வேகம் கூடினால் நேற்றைய மேல்மண் புதையுண்டு, அதன்மேல் வேறொரு மண் தொடங்கும். சீனாவின் லோயஸ் என்னும் தூசிப்படிவு மேட்டுநிலத்தில் இவ்வாறு புதைந்த மண் அடுக்குகள் 25 லட்சம் ஆண்டுக் காலநிலை வரலாற்றைக் காத்துவைத்துள்ளன. தமிழகத்தில் காற்று கட்டிய நிலத்துக்குச் சான்று, தூசியைவிடப் பருத்த மணலால் ஆன தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதியின் தேரிகள். மணல் துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடால் சிவந்த அம்மேடுகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்களான சாய்னரும் ஆல்சினும் 1956இல் எழுதினர்.

இன்று கல்லங்குறிச்சியைச் சுற்றிலும் சுரங்கங்களிலிருந்தும் லாரித் தடங்களிலிருந்தும் எழும் சுண்ணாம்புத் தூசியும் மேலிருந்தே விழுகிறது. ஆனால் அதை வளம் சேர்க்கும் வரத்தாகக் கருத இடமில்லை. இரும்பு, துத்தநாகம், மணிச்சத்து ஆகியவற்றைப் பயிருக்கு எட்டாமல் பிடித்துவைக்கும் சுண்ணாம்பு, இங்குள்ள கரிசலில் ஏற்கெனவே மிகுதி. பல்லாயிரம் ஆண்டுகளில் திரண்ட அக்கரிசலைச் சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஒரே நாளில் அகற்றிவிடுகிறது. மேல்மண்ணைத் தனியே சேமித்து நிலச் சீரமைப்புக்குப் பயன்படுத்த வேண்டும் என்று கனிமப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன; அவ்விதி ஒவ்வொரு குழியிலும் தவறாமல் நிறைவேற வேண்டும்.